ஆப்பா, கோர்ஸா, யோகாவா, தே கடையா? ஷிப்ட் வேலை பாக்குற நம்மளுக்கு எது ஒத்து வரும்

வேலையில மனசு வத்திப்போற பர்ன்அவுட்டுக்கு என்ன செய்யலாம்னு போன மாசம் மட்டும் மூணு பேரு ஒரே கேள்விய வேற வேற மாதிரி எங்கிட்ட கேட்டுட்டாங்க. வார்டுல நர்ஸா வேலை பாக்குற ஒரு தங்கச்சி, போன்ல தியான ஆப்புக்கு வருசக் காசு கட்டலாமாக்கா, இல்ல வீண்தானான்னு கேட்டுச்சி. கிளினிக் டெசாவுல, அதாவது கிராமத்துச் சின்ன கிளினிக்ல, இருக்குற இன்னொண்ணு, ஈப்போவுல எட்டு வாரக் கோர்ஸ் ஒண்ணு இருக்காம், சனிக்கெழம சனிக்கெழம போவணுமாம், லீவ் போட்டாவது போயிடட்டுமான்னு கேட்டுச்சி. மூணாவது ஒரு தம்பி, எம்ஏ, அதாவது மெடிக்கல் அசிஸ்டன்ட், எமர்ஜென்சியில நிக்கிறாரு, அவரு கேள்வியே கேக்கல. "அக்கா, பேஷண்ட பாத்தா ஒண்ணுமே தோண மாட்டேங்குதுக்கா" அப்டின்னு மட்டும் சொல்லிட்டு மோட்டோவ ஸ்டார்ட் பண்ணிப் போயிட்டாரு. என்னக் கேட்டா அதுதான் மூணுலயும் பெரிய கேள்வி.

நான் மிஸ்ஸி, அதாவது நர்ஸ், வேலைக்கு வந்து பதினெட்டு வருசம் ஆவுது. நம்ம ஊரு உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரிதான், சுத்தி செம்பனை, நடுவுல ஒரு டவுன், மாரியம்மன் கோயிலு, தமிழ்ப்பள்ளி, ரெண்டு மாமாக் தே கடை, காலையில ஆறு மணிக்கெல்லாம் குலை லோரி மில்லுக்குப் போற சத்தம். இந்த ஊர்ல இருந்துக்கிட்டு, இந்த ரோஸ்டர வச்சிக்கிட்டு என்ன செய்ய முடியும்ங்கிறதுதான் என் கணக்கு. கோலாலம்பூர்ல ஆபீஸ் டைம் வேலை பாக்குறவங்களுக்கு இந்தக் கணக்கு வேற மாதிரி வரும்.

மொதல்ல பேச்சு எதப் பத்தின்னு தெளிவா வச்சிக்குவோம். பர்ன்அவுட்டுன்னா வெறும் அசதி இல்ல. உலக சுகாதார நிறுவனம் 2019ல அத வேலையால வர்ற ஒரு நிலைமைன்னு எழுதி வச்சிச்சி, நோயின்னு எழுதல. மூணு அடையாளம் சொல்லுது: சக்தி முழுக்க வத்திப்போறது, வேலை மேல ஒரு வெறுப்போ விலகலோ வர்றது, நாம செய்யறது எதுக்கும் உதவலன்னு தோணறது. மொதலாவது எல்லாருக்கும் தெரியும், ராத்திரி ஷிப்ட் முடிஞ்சா வரும், தூங்குனா போவும். ரெண்டாவதுதான் ஆபத்து. தோட்டத்துல நாப்பது வருசம் ரப்பர் பால் வெட்டுன ஒரு பெரியவர, சக்கர வியாதியில காலு அழுகி வந்து படுத்திருக்குறவர, "பெட் ஆறு, காலு" ன்னு பாஸ் ஓவர்ல, அடுத்த ஷிப்ட்டுக்கு ஒப்படைக்கும்போது, சொல்லிட்டுப் போயிடறோமே, அதுக்கப்பறம் அவரு பேரு என்னன்னு யோசிச்சாக்கூட ஞாபகம் வரலன்னா, அப்பதான் அந்த ரெண்டாவது ஆரம்பிச்சிருக்கு.

எத வச்சி அளக்கப் போறேன்

எது ரொம்ப நல்லதுன்னு கேட்டீங்கன்னா பதிலே வராது, எல்லாத்துக்கும் எங்கயோ ஒரு ஆராய்ச்சி இருக்கும். நான் பாக்குறது இதுங்கதான். ஷிப்ட் மாறிக்கிட்டே இருந்தாலும் இத விடாம செய்ய முடியுமா? வேலை நேரத்துலயே செய்யலாமா, இல்ல என் தூக்கத்துல கை வைக்குமா? காசு எவ்ளோ, காசா தெரியாத செலவு எவ்ளோ? கூட வேலை பாக்குற மலாய்க்கார, சீனக்காரப் பிள்ளைங்களும் சேந்து செய்யலாமா? அப்பறம் முக்கியமா, அந்த மூணு அடையாளத்துல எதத் தொடுது, அசதியையா, வெறுப்பையா, நம்பிக்கையத் தொலைச்சதையா?

ஒண்ணு இப்பவே சொல்லிடறேன். 2017ல டாக்டருங்கள வச்சி செஞ்ச பல ஆராய்ச்சிங்கள ஒண்ணா கூட்டிப் பாத்தப்ப, தனி மனுசருக்குக் கத்துக்குடுக்குற பயிற்சிய விட, வேலையிடத்தையே மாத்துற முயற்சிக்குத்தான், அதாவது ஷிப்ட், வேலை அளவு, வேலை செய்யற முறை இதையெல்லாம் மாத்துறதுக்குத்தான், பலன் கூட இருந்திச்சி. அதனால கீழ எழுதறது எதுவும் ஆள் பத்தாத வார்டுக்கு மருந்து கெடையாது. 2024 கடைசில வார்டு மிஸ்ஸிங்களுக்கு வாரம் 42 மணி நேரத்த 45 ஆக்கப் போறோம்னு சொல்லி அப்பறம் தள்ளி வச்சாங்க பாருங்க, அந்த மாதிரி விசயத்துக்கு மூச்சு இழுத்து விட்டா பதில் ஆவாது, யூனியன்ல போயி பேசத்தான் வேணும்.

1. கை கழுவுற நேரத்து மூச்சு

இதுக்குத்தான் நான் அதிக இடம் குடுக்கப் போறேன், ஏன்னா நம்ம வேலைக்குள்ளயே இது இருக்கு.

மூச்ச இழுக்கும்போது இதயம் கொஞ்சம் வேகமா அடிக்கும், விடும்போது மெதுவாவும். விடுறத நீட்டுனா, வேகஸ் நரம்பு வழியா ஒடம்புக்கு "ஆபத்து போயிடுச்சி"ன்னு சேதி போவும். நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விட்டா ஒரு மூச்சுக்குப் பத்து விநாடி, நிமிசத்துக்கு ஆறு மூச்சு. இப்ப கணக்குப் பாருங்க. ஹேண்ட் ரப், அதாவது கைக்குத் தேய்க்கிற கிருமிநாசினி, தேய்க்க 20லேருந்து 30 விநாடி, சோப்புப் போட்டுக் கழுவ 40லேருந்து 60 விநாடின்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கு. அப்ப ஒரு தடவ தேய்க்கிறதுக்குள்ள ரெண்டு மூணு மூச்சு, கழுவுறதுக்குள்ள நாலஞ்சு. ஒரு ஷிப்ட்ல நாம எத்தன தடவ கை தேய்க்கிறோம்? தனியா ரூமு வேணாம், பாய் வேணாம், சூப்பர்வைசர்கிட்ட பெர்மிசனும் வேணாம். பக்கத்துல நிக்கிறவங்களுக்குக்கூடத் தெரியாது.

பெருமூச்சு முறைன்னு இன்னொண்ணு இருக்கு. மூக்கால இழுத்து, அதுக்கு மேலேயே இன்னொரு குட்டி இழுப்பு இழுத்து, வாயால நீட்டமா விடுறது. 2023ல ஸ்டான்ஃபோர்ட்ல இத தினம் அஞ்சு நிமிசம் ஒரு மாசம் செய்யச் சொல்லிப் பாத்தாங்க, தியானம் செஞ்சவங்கள விட இதச் செஞ்சவங்களுக்கு மனநிலை கூடுதலா தேறிச்சி. ஆனா அது வார்டுல நிக்கிறவங்கள வச்சி செஞ்சது இல்ல, அதனால அளவோட நம்புங்க. மாஸ்க் போட்டுக்கிட்டு இத செய்யாதீங்க, கண்ணாடி முழுக்க ஆவி புடிச்சி ஊசி போடற எடத்துல நான் ஒரு தடவ முழிச்சிக்கிட்டு நின்னது போதும்.

ராத்திரி ஷிப்ட்டுக்கு வேற ஒண்ணு: தசையை இறுக்கி விடறது. அமெரிக்காவுல ஜேக்கப்சன்னு ஒரு டாக்டர் நூறு வருசத்துக்கு முன்னாடி கண்டுபுடிச்சது. கால் வெரல்லேருந்து ஆரம்பிச்சி ஒவ்வொரு எடமா அஞ்சாறு விநாடி இறுக்கிட்டு, அப்பறம் அரை நிமிசம் லூசா விடுறது. காலையில எட்டரைக்கு வந்து படுத்தா, குவார்ட்டர்ஸ் கூரை சுடும், பக்கத்து வீட்டுப் பையன் பந்து ஒதைப்பான், மனசு மட்டும் வார்டுலயே நிக்கும். மனச அடக்கச் சொன்னா அடங்காது, ஆனா கால இறுக்குன்னா கால் கேக்கும். நான் இடுப்பு வரைக்கும் வந்ததே ரொம்ப அபூர்வம், அதுக்குள்ள தூங்கிடுவேன்.

மறைஞ்சிருக்குற செலவு என்னன்னா, ரொம்ப சுலபமா இருக்குறதாலயே மறந்துடும். மொத வாரம் நல்லா செய்வீங்க, ரெண்டாவது வாரம் கை மட்டும் தேய்ச்சிட்டு ஓடுவீங்க. அதுக்கு நான் டிஸ்பென்சர் மேல ஒரு பச்சை ஸ்டிக்கர் ஒட்டுனேன், ஏன்னு கேட்டவங்ககிட்ட "சும்மா"ன்னு சொன்னேன். மூச்ச அடக்கிப் புடிக்கிற வகை பிபி உள்ளவங்களுக்கும் மாசமா இருக்குறவங்களுக்கும் வேணாம். தலை சுத்துச்சின்னா நீங்க வேகமா இழுக்குறீங்கன்னு அர்த்தம், நிறுத்திடுங்க.

இது அசதிக்கும் படபடப்புக்கும்தான் நல்லா வேலை செய்யுது. அந்தத் தம்பி சொன்ன "ஒண்ணுமே தோணல"க்கு இது பத்தாது.

2. போன் ஆப்

சுருக்கமா முடிச்சிடறேன். காசு கட்டறதுக்கு முன்னாடி இன்சைட் டைமர்ங்கிற தியான ஆப்புல இலவசமா கெடக்குறத ஒரு மாசம் கேட்டுப் பாருங்க, அத ஒரு மாசம் விடாம கேட்டீங்கன்னாதான் காசு கட்டறதப் பத்தியே யோசிக்கணும். பெரும்பாலும் இங்கிலீஷ்தான், அந்தக் குரலும் அந்த மணி சத்தமும் சிலருக்கு ஒத்துப் போவும், எனக்கு ஏர்போர்ட்ல உக்காந்த மாதிரி இருந்திச்சி.

பெரிய செலவு காசு இல்ல, போனுதான். தியானத்துக்குன்னு போன எடுப்போம், மேலயே வார்டு வாட்சாப் குரூப்ல "நாளைக்கு யாராச்சும் பெட்டாங் மாத்திக்க முடியுமா"ன்னு, சாயந்தர ஷிப்ட்டுக்கு ஆள் கேட்டு, நிக்கும். முடிஞ்சிச்சி கதை. ஆப் யாருக்கு நல்லதுன்னா, தனியா குவார்ட்டர்ஸ்ல இருக்குற சின்னப் பிள்ளைங்களுக்கு, ராத்திரி ஒரு குரல் கேட்டாத்தான் தூக்கம் வரும்ங்கிறவங்களுக்கு.

3. எட்டு வாரக் கோர்ஸ்

எம்பிஎஸ்ஆர்னு சொல்றாங்களே, அதாவது மைண்ட்ஃபுல்னஸ், இப்ப நடக்குறத அப்படியே கவனிக்கிற பயிற்சி, அத வச்சி மன அழுத்தத்தக் கொறைக்கிற கோர்ஸ், அது ஜான் கபாட் சின்ங்கிறவரு 1979ல அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மருத்துவக் கல்லூரியில, தீராத வலியில இருந்த பேஷண்டுங்களுக்காகத் தொடங்குனது. அப்பறம்தான் நம்மள மாதிரி வேலை பாக்குறவங்களுக்கும் வந்திச்சி. இதுலதான் ஆதாரம் அதிகமா இருக்கு. 2009ல ரோச்செஸ்டர்ல 70 டாக்டருங்க எட்டு வாரம், அதுக்கப்பறம் பத்து மாசம் மாசத்துக்கு ஒரு தடவ கூடிப் பயிற்சி எடுத்தாங்க, அசதியும் வெறுப்பும் கொறஞ்சிச்சி, பேஷண்டுங்க மேல அக்கறை ஏறிச்சி. ஒப்பிட்டுப் பாக்க பயிற்சி எடுக்காத கூட்டம் ஒண்ணும் வைக்கலங்கிறது அந்த ஆராய்ச்சியில ஒரு ஓட்டை.

இப்ப செலவப் பாப்போம். வாரம் ரெண்டரை மணி நேரம் எட்டு வாரத்துக்கு 20 மணி நேரம். நடுவுல ஒரு முழு நாள் மௌனம், ஏழு மணி நேரம்னு வையுங்க. வீட்டுப்பாடம் தினம் 45 நிமிசம், வாரம் ஆறு நாளுன்னா எட்டு வாரத்துக்கு 36 மணி நேரம். மொத்தம் 63. ஏறக்குறைய எட்டு ஷிப்ட்! அதுக்கு மேல ஈப்போ போயி வர்ற பெட்ரோல், நேரம், ஒவ்வொரு சனிக்கெழமயும் யாருகிட்டயாவது ஷிப்ட் மாத்தச் சொல்லிக் கெஞ்சி, திரும்ப அவங்களுக்கு ஒரு ஞாயித்துக்கெழம கடன்பட்டு... அந்தக் கடன் அடைக்கறதுக்குள்ள கோர்ஸ்ல வந்த நிம்மதி போயிடும்.

இன்னொரு செலவ யாரும் சொல்ல மாட்டாங்க. 2021 நடுவுல என்ன கிள்ளான் பள்ளத்தாக்குப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்கு மொபிலைஸ் பண்ணாங்க. அந்தக் கொரோனா ஆறு வாரத்தப் பத்தி நான் யாருகிட்டயும் பேசினது கெடையாது. ரெண்டு வருசம் கழிச்சி கண்ண மூடிப் படுத்து ஒடம்ப ஒவ்வொரு எடமா கவனிக்கிற பயிற்சி செஞ்சப்ப, நெஞ்சுக்கு வந்தவொடனே அந்த ஆக்சிஜன் சத்தமும் மானிட்டர் அலாரமும் காதுல வந்திடுச்சி, எந்திரிச்சி வெளிய போயி ஒக்காந்துட்டேன். தப்பு என் மேல இல்ல, பயிற்சி மேலயும் இல்ல. மனசுல அப்படி ஏதாச்சும் கெடக்குறவங்க கண்ணத் தொறந்து வச்சிக்கிட்டு, பாதத்த மட்டும் கவனிச்சி ஆரம்பிக்கணும், தெரிஞ்ச ஆளு பக்கத்துல இருக்கணும். நல்ல கோர்ஸா இருந்தா சேக்கறதுக்கு முன்னாடியே இதக் கேப்பாங்க. கேக்கலன்னா அங்க போவாதீங்க.

யாருக்கு இது நல்லது? வேலையிடமே நேரம் ஒதுக்கி அனுப்புனா கண்ண மூடிக்கிட்டுப் போங்க. ஆபீஸ் டைம் கிளினிக்ல இருக்குறவங்களுக்கும் ஓரளவு ஒத்து வரும். இங்கிலீஷ் சரளமா வரும், தனியா படிக்க முடியும்னா பலூஸ் மைண்ட்ஃபுல்னஸ்னு ஒரு இலவச எட்டு வாரப் பாடம் ஆன்லைன்ல இருக்கு, மொதல்ல அதுல ரெண்டு வாரம் போய்ப் பாருங்க.

எட்டு வாரக் கோர்ஸையும் ஒரு நாள் பட்டறையையும் ஒண்ணுன்னு நெனைக்காதீங்க. ஒரு எடத்துல எங்க எல்லாரையும் லீவ் நாள்ல கூப்புட்டு, ஏர்கான் குளிர்ல ஸ்லைட் போட்டுக் காட்டி, "ஸ்ட்ரெஸ்ஸ சமாளிப்பது எப்படி"ன்னு ஆறு மணி நேரம் பேசுனாங்க. நாசி லெமாக் நல்லா இருந்திச்சி. தொழில் பயிற்சிக்குக் குடுக்குற சிபிடி பாயிண்டும் கெடைச்சிச்சி. மறுநாள் வந்தா அதே ரோஸ்டர், ஒரு ஆளு கொறைவா.

4. யோகா, தாய்ச்சி

கோயில் மண்டபத்துல சாயந்தரம் யோகா நடக்குது, பாடாங் மைதானத்துல காலையில சீனப் பாட்டிங்க தாய்ச்சி செய்யறாங்க. ரெண்டும் ஏறக்குறைய சும்மா. ஒடம்பு அசையும், நாலு பேரப் பாப்போம், முதுகு வலிக்கும் நல்லது, பேஷண்டத் தூக்கித் தூக்கி நம்ம இடுப்பு என்ன கதியில இருக்குன்னு உங்களுக்கே தெரியும்.

ஆனா வார்டுக்குன்னு ஒரு குழுவா ஏற்பாடு செய்யப் போறீங்கன்னா ஒண்ணு யோசிக்கணும். 2008ல தேசிய ஃபத்வா மன்றம் முஸ்லிம்களுக்கு யோகா கூடாதுன்னு சொல்லியிருக்கு. நம்ம வார்டுல பாதிப் பேரு மலாய்க்காரப் பிள்ளைங்க. யோகான்னு போட்டு நோட்டீஸ் ஒட்டுனா அவங்க வர மாட்டாங்க, வரலன்னும் சொல்ல மாட்டாங்க, பேசாம இருந்துடுவாங்க, அப்பறம் அது தமிழருங்க கிளப்பா ஆயிடும். ஒண்ணா நின்னு செத்துப் பொழைக்கிற டீம்ல இது சின்ன விசயம் இல்ல. வெறும் மூச்சும், கை கால் நீட்டுறதும், தசை இறுக்கி விடறதும்னா எல்லாரும் வர்றாங்க, நான் பாத்திருக்கேன். தனிப்பட்ட முறையில நீங்க மட்டும் போறதுன்னா கோயில் யோகாவுக்கு ஒரு கொறையும் இல்ல. பெட்டாங் ஷிப்ட் வாரத்துல மட்டும் விட்டுப்போவும்.

5. அஞ்சு பேரு, ஒரு மணி நேரம், தே தாரிக்

இத யாரும் மைண்ட்ஃபுல்னஸ்ல சேக்க மாட்டாங்க. ஆனா எம்ஏ தம்பிக்கு நான் சொன்னது இதைத்தான்.

அமெரிக்காவுல மேயோ கிளினிக்ல டாக்டருங்கள சின்னச் சின்னக் குழுவா, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ ஒரு மணி நேரம் ஒக்கார வச்சாங்க, ஒம்போது மாசம். அந்த ஒரு மணி நேரம் வேலை நேரத்துலயே, சம்பளத்தோட. 2014ல முடிவு வந்திச்சி: பேஷண்ட மனுசரா பாக்க முடியாம போறது கொறஞ்சிச்சி, குழு முடிஞ்சி ஒரு வருசம் ஆயும் அது நின்னுச்சி. லண்டன்ல பாலின்ட்னு ஒரு டாக்டர் 1950கள்லயே இப்படிக் குழு வச்சி, "இந்தப் பேஷண்ட பாத்தா எனக்கு ஏன் எரிச்சல் வருது"ன்னு டாக்டருங்களப் பேச விட்டாரு. வெறுப்புங்கிற அந்த ரெண்டாவது அடையாளத்துக்கு நான் பாத்ததுல இதுக்கு மேல ஒண்ணும் இல்ல, ஏன்னா தனியா ஒக்காந்து மூச்சு விட்டா நம்ம கல்லாப் போனது நமக்கே தெரியாது, அடுத்தவங்க "எனக்கும் அப்படித்தான்"னு சொல்லும்போதுதான் ஒடையும்.

செலவு இருக்கு. நம்ம ஊரு சின்ன ஊரு, பாம்பு கடிச்சி வந்தவரு மாமாக் கடைக்காரரோட கூட்டாளியா இருப்பாரு. மொதல்ல நாங்க கடையிலதான் ஒக்காந்தோம், ரெண்டாவது வாரமே பக்கத்து மேசை அமைதியாயிட்டது தெரிஞ்சிச்சி. இப்ப ஒரு தோழி வீட்டுப் போர்ச்சில. பேஷண்ட் பேரு, தோட்டம், வியாதி எதுவும் வாயில வரக்கூடாது. அடுத்தது, இது புலம்பல் கச்சேரியா ஆயிடும், மேட்ரனத் திட்டிட்டு வீட்டுக்குப் போனா போனத விட மோசமா இருக்கும். அதுக்கு ஒரே ஒரு சட்டம் வச்சோம்: ஒருத்தரு அஞ்சு நிமிசம் பேசுவாங்க, மத்தவங்க அறிவுரை சொல்லக் கூடாது. ஆரம்பிக்கும்போது எல்லாருமா ஆறு மூச்சு, ஒரு நிமிசம். அப்பறம், சாயந்தரம் ஒரு மணி நேரம் வெளிய போறேன்னா வீட்டுல சமையல் யாருன்னு ஒரு கேள்வி வரும் பாருங்க, அதுவும் செலவுதான், அதுக்கு எங்கிட்ட ஆராய்ச்சி இல்ல.

| | நேரம் | காசு | ராத்திரி ஷிப்ட்ல | எதத் தொடும் | மறைஞ்ச செலவு |
|---|---|---|---|---|---|
| கை கழுவுற மூச்சு | விநாடிக் கணக்கு | இல்ல | முடியும் | அசதி, படபடப்பு, தூக்கம் | மறந்துடும் |
| ஆப் | தினம் 10 நிமிசம் | இலவசம் போதும் | முடியும் | தூக்கம் | போன் இழுத்துடும் |
| எட்டு வாரக் கோர்ஸ் | 63 மணி நேரம் | எடத்தப் பொறுத்து | கஷ்டம் | அசதி, வெறுப்பு | ஷிப்ட் கடன், பழைய ஞாபகம் |
| யோகா, தாய்ச்சி | வாரம் 2, 3 மணி நேரம் | ஏறக்குறைய இல்ல | விட்டுப்போவும் | ஒடம்பு, அசதி | எல்லாரும் சேர முடியாது |
| பேச்சுக் குழு | ரெண்டு வாரத்துக்கு 1 மணி நேரம் | தே காசு | மாத்தி வைக்கலாம் | வெறுப்பு | ரகசியம், புலம்பல் |

அப்ப யாருக்கு எது

ஆப் கேட்ட தங்கச்சிக்கு: காசு கட்டாத. ஹேண்ட் ரப் மூச்சு ஒரு மாசம், ராத்திரி ஷிப்ட் காலையில தசை இறுக்கி விடறது. தூக்கம் அப்பவும் வரலன்னா சொல்லு.

கோர்ஸ் கேட்ட தங்கச்சிக்கு: உனக்கு ஆபீஸ் டைம், சனிக்கெழம பெரும்பாலும் லீவ், அதனால உனக்கு மட்டும் போன்னு சொல்றேன். ஆனா சேர்றதுக்கு முன்னாடி வீட்டுப்பாடம் 45 நிமிசம் எந்த நேரத்துல செய்யப் போறன்னு தாள்ல எழுதிப் பாரு. பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போறதுக்கு முன்னாடின்னு எழுதுனா, அது நடக்காதுன்னு உனக்கே தெரியும்.

இதுல எதுவுமே போதாத ஆளுங்களும் இருக்காங்க. ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கமே இல்ல, சாப்பாடு எறங்கல, வேலைக்குப் போற வழியில லோரி வந்து இடிச்சா பரவால்லன்னு தோணுது, குடி கூடிப்போச்சின்னா அதுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக்குடுக்கறது பாவம். அரசாங்க கிளினிக் கெசிஹாத்தான்ல டாஸ் 21 கேள்வித் தாள் இருக்கு, அது பர்ன்அவுட்ட அளக்காது, மன அழுத்தம், பதட்டம், மனச்சோர்வ அளக்கும், அதுதான் அப்ப தெரிய வேண்டியது. நம்ம கிளினிக்லயே போவ வெக்கமா இருந்தா பக்கத்து டவுனுக்குப் போங்க, நானும் அப்படித்தான் போனேன். போன்ல பேசணும்னா மனநல உதவிக்கு ஹீல் லைன் 15555, இலவசம்.

தம்பி போன வியாழக்கெழம வந்தாரு. அவரு அஞ்சு நிமிசத்துல நாலு நிமிசம் பேசல, நாங்களும் பேசல. கடைசில ஒரு சின்னப் புள்ள கேஸ் பத்தி ரெண்டு வரி சொன்னாரு. அடுத்த வாரம் அவருக்கு ராத்திரி ஷிப்ட், அதனால கூட்டத்த காலை ஒம்போதுக்கு மாத்தியிருக்கோம், தூங்கப் போற ஆளுக்கு தே வேணாம்னு அவருக்கு மட்டும் மைலோ.